டிக் டைகர்

டிக் டைகர் (1929–1971): நைஜீரியக் குத்துச்சண்டை வீரர். மிடில்வெயிட் உலகப் பட்டத்தை இரு முறையும், லைட் ஹெவிவெயிட் பட்டத்தை ஒரு முறையும் வென்றவர். இயற்பெயர் ரிச்சர்ட் இஹேட்டு; அமைக்போவில் பிறந்த இக்போ இனத்தவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவரது பாய்ச்சலைக் கண்டு ‘டைகர்’ என்று பெயரிட்டதாகச் சொல்வர். 1952இல் தொழில்முறைச் சண்டைக்கு வந்தார். நைஜீரியத் தொடக்ககாலப் பதிவுகள் குறைவுடையவை. 60 வெற்றி, 19 தோல்வி, 3 சமன் என்பதே பொதுவாகத் தரப்படும் கணக்கு.

1955இல் லிவர்பூல் சென்றார். அங்கு ஆடிய முதல் நான்கு சண்டைகளிலும் தோற்றார். ஊர் திரும்பியிருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. 1957இல், பின்னாளில் உலகப் பட்டம் வென்ற டெரி டவுன்ஸை ஆறாம் சுற்றுக்குள் நிறுத்தினார். 1958இல் பாட் மெக்கட்டீரை வீழ்த்திப் பிரித்தானியப் பேரரசுப் பட்டம் பெற்றார். 1959இல் அமெரிக்கா சென்றார்.

உயரம் 5 அடி 8 அங்குலம். நகாசு வேலை கிடையாது: விடாமல் முன்னேறி நெருங்கி, இடது ஹூக்கை இறக்குவார். வாய்ச்சவடாலும் இல்லாததால் அவருக்குரிய பேச்சு அவருக்குக் கிடைக்கவில்லை எனலாம்.

1962 அக்டோபர் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜீன் ஃபுல்மரைப் புள்ளிகளில் வென்று மிடில்வெயிட் உலகப் பட்டம் பெற்றார். 1963 பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் நடந்த மறுசண்டை சமனில் முடிந்தது. மூன்றாவது சண்டை ஆகஸ்ட் 10 அன்று, சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகூட நிறையாத நைஜீரியாவின் இபாதான் லிபர்ட்டி மைதானத்தில் நடந்தது. நைஜீரியாவில் நடந்த முதல் உலகப் பட்டச் சண்டை அதுவே என்பர். சுற்றுக்குச் சுற்று ஃபுல்மரின் முகம் சிதைந்தது; ஏழாம் சுற்று முடிந்ததும் அவர் தரப்பே போதும் என்று நிறுத்திக்கொண்டது. ஃபுல்மர் அதன்பின் வளையத்தில் ஏறவில்லை. ஆனால் அதே டிசம்பரில் ஜோயி ஜியார்டெல்லோவிடம் புள்ளிகளில் பட்டம் போயிற்று. மீட்க ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆயின. இடையில் ரூபின் கார்ட்டரைப் பலமுறை தரையில் வீழ்த்தி வென்றார். 1965 அக்டோபரில் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் பட்டம் திரும்பியது.

1966இல் எமில் கிரிஃபித்திடம் அப்பட்டத்தை இழந்த சண்டையில் முடிவு சரியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அவ்வாண்டு இறுதியிலேயே, 37 வயதில், ஹோசே டோரஸை வென்று லைட் ஹெவிவெயிட் வீரரானார். 1968இல் பாப் ஃபாஸ்டர் நான்காம் சுற்றில் நாக் அவுட் செய்தார்; டைகர் நாக் அவுட் ஆனது அந்த ஒரு முறைதான்.

இக்போ மக்கள் நைஜீரியாவிலிருந்து பிரியப் போராடிய பியாஃப்ராப் போரில் தம் மக்கள் பக்கம் நின்றார். நைஜீரிய அரசுக்குப் பிரிட்டன் அளித்த ஆதரவைக் கண்டித்து, தமக்கு அந்நாடு வழங்கியிருந்த எம்.பி.இ. பதக்கத்தை 1969 டிசம்பரில் பார்சலாகக் கட்டித் தபாலில் திருப்பி அனுப்பினார். அஞ்சலக எழுத்தர் அதன் மதிப்பு என்ன என்று கேட்டதாகவும், ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

1970இல் கடைசிச் சண்டை. பின்னர் சிறிது காலம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் காவலராக வேலை பார்த்தார். கல்லீரல் புற்றுநோய் கண்டபின் நாடு திரும்பி, 1971 டிசம்பர் 14 அன்று அபாவில் இறந்தார். 1991இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது.