ஹீரோ ஓட்டுறார்... ஆனா கார் நகரவே இல்ல! சினிமாவில் காருக்குப் பின்னாடி ஓடும் ரோடு எங்கிருந்து வருது?

பழைய படம் ஒன்று டிவியில் ஓடிக்கொண்டிருக்கும். ஹீரோ கார் ஓட்டியபடியே ஹீரோயினிடம் பேசுவார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். பின் கண்ணாடியில் தெரியும் சாலையோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். "கார் நிக்குது, பின்னாடி படம் ஓடுது" என்று வீட்டில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்.

அவர் சொல்வது சரிதான். ஆனால் அதே வித்தை இன்றைய படங்களிலும் இருக்கிறது. இப்போது யாரும் சிரிப்பதில்லை, காரணம் யாருக்கும் தெரிவதில்லை. முன்கூட்டியே எடுத்து வைத்த சாலைக் காட்சியைக் காருக்குப் பின்னால் ஓடவிட்டு, நிற்கும் காரை ஓடும் காராகக் காட்டுவது எப்படி? காணாமல் போன இந்த முறை ஏன் திரும்ப வந்தது? ஒரு ஊரை வைத்தே பார்ப்போம்.

மண்டபத்தூர் பக்கம் ஒரு கார் சீன் எடுக்கணும்னா...

காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர் மண்டபத்தூர். தரங்கம்பாடி, பொறையார் வழியாகக் காரைக்கால் போகும் நெடுஞ்சாலை இந்த ஊருக்கு மேற்கே போகிறது. அந்தச் சாலையில் கணவனும் மனைவியும் காரில் சண்டை போட்டுக்கொண்டு வருவதாக ஓர் இயக்குநர் நான்கு நிமிட சீன் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் நான்கு நிமிடத்தில் சுமார் 2.7 கி.மீ. தாண்டிவிடும். வசனம் தப்பினால் காரைத் திருப்பி, கேமரா வண்டியைத் திருப்பி, முன்னும் பின்னும் வரும் பாதுகாப்பு வண்டிகளையும் திருப்பி, தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். பத்து டேக் என்றால் போக 27 கி.மீ., வர 27 கி.மீ. அதற்குள் வெயில் இடம் மாறியிருக்கும். நல்லா நடிச்ச டேக்கில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்திருக்கும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. பொறையார் தமிழ்நாடு, மயிலாடுதுறை மாவட்டம். அதைத் தாண்டியதும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரே ஷாட் எல்லையைக் கடந்தால் இரண்டு நிர்வாகங்களிடமும் அனுமதிக்கு நிற்க வேண்டும்.

இதெல்லாம் காசு, நேரம் சம்பந்தப்பட்ட விஷயம். பெரிய விஷயம் வேறு. காரை ஓட்டும் நடிகர் வசனத்தை நினைவில் வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கோபப்பட வேண்டும், பானெட்டில் கட்டிய கேமரா மறைக்கும் கண்ணாடி வழியாக ரோட்டையும் பார்க்க வேண்டும். அந்த ரோட்டில் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், மீன் கூடையோடு டூவீலர் வரும், ஆடு குறுக்கே ஓடும். அவர்கள் யாரும் சினிமாவில் நடிக்க ஒப்புக்கொண்டவர்கள் இல்லை.

காரைத் தாழ்வான டிரெய்லர் மேல் ஏற்றி, வேறொரு வண்டியால் இழுக்கலாம். லோ லோடர் என்பார்கள். நடிகர் ஓட்ட வேண்டியதில்லை. ஆனால் அகலமான வண்டி, குறுகலான ஊர்ச் சாலைக்கு ஒத்துவராது. மிச்சம் இருக்கும் வழி, காரை ரோட்டுக்குக் கொண்டுபோகாமல் ரோட்டைக் காருக்குக் கொண்டுவருவது.

ஸ்டூடியோவுக்குள் ரோடு வந்த கதை

பேசும் படம் வந்த பிறகு, 1930களில் ஹாலிவுட்டில் பரவிய முறை இது. மௌனப்பட காலத்தில் தெருவில் எடுத்தால் சத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. வசனத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றதும் எல்லாரும் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள். கார் சீனும் உள்ளே வந்தாக வேண்டிய நிலை.

பேக் புரொஜெக்‌ஷன் என்பது இதுதான். ஒளி ஊடுருவும் பெரிய திரையை நிறுத்தி, அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் புரொஜெக்டரை வைத்து, ஏற்கெனவே எடுத்த சாலைப் படத்தை ஓட்டுவார்கள். திரைக்கு முன்னால் கார். அதற்கும் முன்னால் கேமரா. கேமராவும் புரொஜெக்டரும் ஒரே நொடியில் கண் திறந்து ஒரே நொடியில் மூட வேண்டும். புரொஜெக்டர் மூடியிருக்கும்போது கேமரா திறந்தால் பின்னால் இருட்டுதான் பதிவாகும். அதனால் இரண்டின் மோட்டார்களையும் ஒன்றோடொன்று பூட்டி ஓட்டினார்கள்.

அடுத்த தொல்லை வெளிச்சம். திரை பெரிதாக ஆக, படம் மங்கும். பாரமவுண்ட் ஸ்டூடியோவின் ஃபார்சியோ எடுவார் மூன்று புரொஜெக்டர்களை வைத்து ஒரே படத்தை ஒன்றின் மேல் ஒன்றாக விழவைத்து இதைச் சமாளித்தார்.

தமிழ் சினிமாவில் வடபழனி, கோடம்பாக்கம் ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த 50களிலும் 60களிலும் கார், குதிரை வண்டி, ரயில் பெட்டி என எல்லாவற்றுக்கும் இதுவே கைகொடுத்தது. நடிகர்கள் ஒரே நாளில் வேறு வேறு படங்களின் கால்ஷீட்டுக்கு ஓடிய காலம் அது. ஹீரோவை ஊட்டிக்கு அழைத்துப்போவதைவிட ஊட்டி ரோட்டை ஃபிலிமில் கொண்டுவருவது சுலபம்.

அப்போ ஏன் போலியா தெரிஞ்சுது?

திரையில் விழுவது ஏற்கெனவே பிரின்ட் போட்ட படம். அதை மறுபடி படமெடுக்கும்போது கூர்மை குறையும், புள்ளிகள் கூடும். முன்னால் இருக்கும் முகம் பளிச்சென்றும் பின்னால் இருக்கும் தெரு கழுவித் துடைத்த மாதிரியும் தெரியும். திரையின் நடுவில் வெளிச்சம் அதிகம், ஓரம் மங்கல்.

கறுப்பு வெள்ளையில் இதை ஓரளவு மறைக்கலாம். 'காதலிக்க நேரமில்லை' (1964) காலத்தில் ஈஸ்ட்மென் கலர் வரத் தொடங்கியதும், முகத்தின் நிறம் ஒரு மாதிரி, பின்னால் மரத்தின் நிறம் வேறு மாதிரி என்று குட்டு வெளிப்பட்டது. நம்மூரில் மட்டும் இல்லை. அதே 1964-ல் ஹிட்ச்காக்கின் 'மார்னி' வந்தபோது விமர்சகர்கள் குறை சொன்னவற்றில் பின்னணித் திரைக் காட்சிகளும் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய துரோகி வெளிச்சம்தான். உண்மையில் ஓடும் காருக்குள் வெளிச்சம் ஒரு நொடி சும்மா இருக்காது. புளியமர நிழல் முகத்தில் வெட்டிவெட்டிப் போகும், எதிரே வரும் லாரியின் நிழல் குறுக்கே விழும். பழைய செட்டில் முகத்துக்கு அழகாக ஒரு லைட் போட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். ரோடு ஓடும், முகம் மட்டும் போட்டோ ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும். காரின் கீழே கட்டையைக் கொடுத்து ஆட்டுவது, லைட்டுக்கு முன்னால் மரக்கிளையை வீசுவது என்றெல்லாம் உதவியாளர்கள் மாரடித்ததும் உண்டு. அந்த ஸ்டியரிங் விஷயத்துக்கு மட்டும் டெக்னாலஜியைக் குறை சொல்ல முடியாது, அது நடிகரின் ஆர்வக்கோளாறு!

நடுவுல எங்க போச்சு?

1977-ல் '16 வயதினிலே' வந்த பிறகு தமிழ் சினிமாவே ஊரைத் தேடிக் கிளம்பியது. எடை குறைந்த கேமராக்களைக் காரிலேயே கட்ட முடிந்தது, வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. நிஜத் தெருவைப் பார்த்துப் பழகிய ரசிகனுக்குப் பேக் புரொஜெக்‌ஷன் பொறுக்கவில்லை.

பிறகு வந்தது கிரீன் மேட். காரைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டி எடுத்து, பச்சை இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டரில் சாலையை வைப்பது. காரோடு இதற்கு ஒத்துப்போகவில்லை. கார் என்பது கண்ணாடியும் பளபளப்பும். பச்சை அத்தனையிலும் பிரதிபலிக்கும், பறக்கும் தலைமுடியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்து எடுத்து, இல்லாத பிரதிபலிப்பைச் செயற்கையாகச் சேர்க்க வேண்டும். நடிகருக்கோ நாள் முழுக்கப் பச்சைத் துணிதான் கடற்கரைச் சாலை.

எல்இடி சுவர்: பழைய வித்தை, புது திரை

நீங்கள் தினமும் பார்க்கும் டிவி செய்தி ஸ்டூடியோவில் வாசிப்பாளருக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த எல்இடி சுவரின் பெரிய அண்ணன்தான் இப்போது சினிமாவில். விண்வெளிப் படமான 'ஃபர்ஸ்ட் மேன்' (2018) விண்கல ஜன்னலுக்கு வெளியே எல்இடி திரை வைத்து எடுத்தது. 2019-ல் 'தி மாண்டலோரியன்' தொடர் இதைப் பிரபலமாக்கியது. நம் பக்கத்தில் ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டூடியோவும் சென்னையின் க்யூப் நிறுவனமும் சேர்ந்து, ஏ.என்.ஆர். பெயரில் இப்படியொரு தளத்தை அமைத்தன.

கார் சீனுக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், திரையே விளக்காகவும் வேலை செய்கிறது. திரையில் கடைவீதி வந்தால் அந்த டியூப்லைட் வெளிச்சம் முகத்தில் விழும். தெருவிளக்கு முன் கண்ணாடியில் நிஜமாகவே ஊர்ந்து போகும். பழைய செட்டில் இல்லாதது இதுதான். இன்னொரு வசதி, கார் ஜன்னலுக்கு வெளியே இருப்பது வேகமாகக் கடந்துபோகிறது, ஃபோகஸிலும் இருக்காது. எனவே கம்ப்யூட்டரில் முப்பரிமாண ஊரை உருவாக்கத் தேவையில்லை. சும்மா வீடியோவே போதும்.

குறையும் உண்டு. கேமராவும் திரையும் ஒரே தாளத்தில் இயங்காவிட்டால் கோடு விழும். எடுவார் காலத்துத் தொல்லைதான், உருவம் மட்டும் மாறியிருக்கிறது. கேமரா திரை மேலேயே ஃபோகஸ் செய்தால் புள்ளிகள் நெளிவதும் தெரியும். சித்திரை மாத உச்சி வெயிலை எந்த எல்இடியாலும் தர முடியாது. இரவு, மழை, அந்தி, மேகமூட்டம் என்றால் கச்சிதம்.

எல்லாம் 'பிளேட்'லதான் இருக்கு

பின்னால் ஓடவிடுவதற்காக எடுக்கும் படத்துக்குப் பெயர் பிளேட். இது கோணலானால் எத்தனை கோடிக்குத் திரை வைத்தாலும் பழைய படக் கதைதான்.

நம்ம மண்டபத்தூர் சீனுக்குத் திரும்புவோம். பிளேட் எடுக்க ஹீரோ வர வேண்டாம். ஒரு வண்டி, அதன் மேல் முன், பின், இரு பக்கம், மூலைகள் எனப் பல திசை பார்க்கும் கேமராக்கள், நாலைந்து பேர். கேமராவின் உயரம் காருக்குள் உட்கார்ந்திருப்பவரைப் படமெடுக்கும் கேமரா உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். வண்டியின் கூரையில் கட்டி எடுத்தால், சின்ன கார் சீனில் ரோடு பஸ்ஸிலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். பிளேட் ஆடவே கூடாது. ஆட்டத்தைப் பிறகு காருக்குக் கொடுத்துக்கொள்ளலாம். சீன் நான்கு நிமிடம் என்றால் அதைவிட நீளமாக, நிறுத்தாமல் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே பெட்டிக்கடை மூன்று முறை கடந்துபோகும்.

திசை ரொம்ப முக்கியம். தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்கு வந்தால் நாம் தெற்கே போகிறோம், கடல் இடது பக்கம். நம்ம ஊர் காரில் ஓட்டுபவர் வலது பக்கம். அப்படியென்றால் மனைவியின் ஜன்னலில்தான் கடல் பக்கத்துத் தென்னைகளும் காலை வெயிலும் வர வேண்டும். கணவனின் ஜன்னலில் எதிரே வரும் வண்டிகள். முன்னாலிருந்து எடுத்தால் திரையின் வலதில் கடல் பக்கம். இதை மாற்றிப் போட்டால் சென்னைக்காரர் கவனிக்க மாட்டார், காரைக்கால்காரர் தியேட்டரிலேயே சத்தம் போடுவார். சரியான பக்கத்து பிளேட் இல்லை என்று படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம், கடை போர்டு எல்லாம் தலைகீழ்த் தமிழில் வரும்.

எல்லா ஆபத்தையும் இது தடுக்குமா?

இல்லை. 'விடாமுயற்சி' படப்பிடிப்பில் அஜர்பைஜானில் அஜித்தும் ஆரவும் இருந்த கார் கவிழ்ந்த வீடியோவை 2024 ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனமே வெளியிட்டது. அதிர்ஷ்டவசமாக உயிருக்கு ஆபத்தில்லை. 2025 ஜூலை 13 அன்று காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் 'வேட்டுவம்' படத்துக்காகக் கார் பறந்து கவிழும் காட்சியை எடுத்தபோது சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். அவரைத் திரையுலகில் எஸ்.எம்.ராஜு என்று அழைப்பார்கள். கார் நிஜமாகவே பறந்து விழ வேண்டிய காட்சியை எல்இடி சுவரால் முழுதாக மாற்ற முடியாது. அங்கே வேண்டியது வேறு பாதுகாப்பு ஏற்பாடுகள். பிளேட் காப்பாற்றுவது, உட்கார்ந்து பேசும் சாதாரண சீன்களில் இருக்கும் தேவையற்ற ஆபத்திலிருந்து. முக்கியமாக, ரோட்டில் போகிற பொதுமக்களை.

ஊருக்கு இதில் நஷ்டமும் உண்டு. முழு யூனிட் வந்தால் லாட்ஜ், வேன், சாப்பாடு, கூட்டத்தில் நிற்க ஆள் என்று பத்து நாள் பணம் புழங்கும். பிளேட் டீம் காலையில் வந்து டீ குடித்துவிட்டு மதியம் போய்விடும். எடுத்த ரோடு பிறகு எந்தப் படத்தில் எந்த ஊராக வரும் என்பதும் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

காசு இல்லாதவங்க என்ன பண்றது?

குறும்படம் எடுப்பவர்களுக்கு எல்இடி சுவர் கட்டுப்படியாகாது. அவர்களுக்காகவே ஒரு பழைய வழி இருக்கிறது, அதற்குப் பிளேட்கூட வேண்டாம். இரவு சீனாக எழுதுங்கள். இருட்டான இடத்தில் காரை நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டுங்கள். ஒருவர் பின்னாலிருந்து இரண்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தால் அது பின்னால் வரும் வண்டி. இன்னொருவர் மஞ்சள் விளக்கைக் காரின் மேலே முன்னிருந்து பின்னாக, ஒரே இடைவெளியில் கொண்டுபோனால் அது தெருவிளக்கு. பின் பம்பரில் ஒருவர் காலை வைத்து அவ்வப்போது லேசாக அழுத்தினால் ரோட்டுப் பள்ளம். ஸ்டியரிங்கை ஆட்டாதீர்கள். ஷெட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் இன்ஜினைக் கட்டாயம் ஆஃப் செய்துவிடுங்கள், மூடிய இடத்தில் சேரும் புகை ஆளைக் கொன்றுவிடும். இன்ஜின் சத்தத்தைத் தனியாக எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.