சர்க்கி தாத்ரி: ஒரு சொல்லின் மீது ஏற்றப்பட்ட சுமை

1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதின. ஒன்று, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவுதி அரேபிய போயிங் 747. மற்றொன்று, டெல்லி நோக்கி இறங்கிய கஜகஸ்தான் இல்யூஷின் 76. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர்.

கட்டுப்பாட்டு மையம் கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியையும் சவுதி விமானத்துக்கு 14,000 அடியையும் வரையறுத்திருந்தது. முன்னது அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதே விபத்தின் மூலகாரணம் என்றும், அதன் குழுவினரின் ஆங்கில அறிவு போதாது என்றும் நீதிபதி லகோட்டி விசாரணை முடிவுசெய்தது.

ஆயினும் மொழிக்குறை என்று மட்டும் இதனைச் சுருக்குதல் தகாது. கஜகஸ்தான் விமானத்தில் தரையுடன் உரையாடியவர் வானொலி இயக்குநர், செலுத்தியவர்களோ விமானிகள். இயக்குநருக்கெனத் தனி உயரமானி இல்லை. விமானிகளின் கருவிப் பலகையை எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறிய வேண்டியிருந்தது.

தரையிலும் குறைகள் இருந்தன. வான்பரப்பின் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்தமையால், வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வான்வழியே பயன்பட்டது. அன்று இயங்கிய முதன்மை ரேடார் விமானத்தின் இருப்பிடத்தைக் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. விமானி சொன்ன உயரத்தைச் சரிபார்க்கத் தரையில் வேறு சான்றே இல்லை.

பின்னர் வான்வழிகள் பிரிக்கப்பட்டன. மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் வகுத்த மொழித்திறன் நெறிகள் 2008 முதல் நடைமுறைக்கு வந்தன.

இம்மூன்றில் மொழி தொடர்பானது ஒன்றே. எஞ்சிய இரண்டும், சொல் தவறினாலும் உயிர் தப்புவதற்கானவை. 349 பேரின் உயிரை ஒற்றைச் சொல்லிடம் ஒப்படைத்திருந்த ஏற்பாடும் வரலாற்றின் விசாரணைக்கு உரியதே.