ஹொக்கைடோவின் பெரும்பண்ணைகள் – ஒரு வரலாற்று நோக்கு

யப்பானின் கமத்தொழிலைக் கற்போர் மனத்தில் முதலில் எழுவது சிறுவயல்களின் தோற்றமேயாகும். மலைகளுக்கிடையே அமைந்த ஒடுங்கிய சமவெளிகளில், ஒரு குடும்பம் ஓரிரு ஹெக்டேயர் நிலத்தைச் செறிவாகப் பயிரிட்டு வாழ்தலே அந்நாட்டின் மரபு. ஆயின் வடகோடியில் அமைந்த ஹொக்கைடோத் தீவு இம்மரபுக்குப் புறம்பாக நிற்கின்றது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேயர். ஏனைய மாகாணங்களில் அது 2 ஹெக்டேயரைச் சற்றே விஞ்சியது. யப்பானின் பயிர்நிலத்தில் நான்கிலொரு பங்கு இத்தீவிலேயே உள்ளது. சீனி உற்பத்திக்குரிய பீற்றுக்கிழங்கு முழுவதும், உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், கோதுமையில் மூன்றில் இரண்டு பங்களவும், பாலில் அரைவாசிக்கு மேலும் இங்கிருந்தே கிடைக்கின்றன. கலோரி அடிப்படையில் நோக்கின், யப்பான் தன் உணவுத் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கைக்கூட நிறைவு செய்வதில்லை. ஹொக்கைடோவோ தன் தேவையைப் போல் ஏறக்குறைய இருமடங்கை விளைவிக்கின்றது.

இவ்வளத்துக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் எளிமையானது. நிலம் பரந்தது, மக்கள் குறைவு, ஆதலாற் பண்ணைகள் பெரியனவாயின என்பர். புவியியல் நோக்கில் இது பிழையன்று. ஆயினும் வரலாற்று மாணவனுக்கு இவ்விடை போதாது. பரந்த நிலம் எவ்வாறு உரியவரற்ற நிலமாயிற்று? அங்கு குடியேற்றப்பட்ட பல்லாயிரங் குடும்பங்கள் பின்னர் எங்குச் சென்றன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயலின், பெரும்பண்ணை முறைக்கு இரு வெளியேற்றங்கள் அடித்தளமாயிருந்தமை புலனாகும். ஒன்று, அயினு மக்கள் தம் நிலத்தினின்றும் அகற்றப்பட்டமை. மற்றையது, குடியேறியோரிற் பெரும்பாலோர் பின்னாளில் நிலத்தைக் கைவிட்டுச் சென்றமை. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெல் விளையா நாடு

1869ஆம் ஆண்டுக்கு முன் இத்தீவு எசோ என வழங்கப்பட்டது. அயினு மக்கள் ஆற்றோரங்களிற் சிற்றூர்கள் அமைத்து, சால்மன் மீனையும் மானையும் காட்டுவிளைபொருள்களையும் நம்பி வாழ்ந்தனர். பெண்கள் ஆற்றங்கரைகளிலே தினை போன்ற சிறுதானியங்களைப் பயிரிட்டனர். தீவின் தென்முனையில் மாத்திரம் மட்சுமாயே என்னும் யப்பானியச் சிற்றரசு நிலைபெற்றிருந்தது. தொக்குகாவா ஆட்சியில் ஒரு பிரபுவின் தகுதி அவனது நிலம் தரும் நெல்லின் அளவாலேயே மதிக்கப்பட்டது. மட்சுமாயே பிரபுவுக்கோ நெல் இல்லை. ஆதலின், அயினு மக்களுடன் வணிகஞ் செய்யும் தனியுரிமையே 1604இல் அவனுக்கு வழங்கப்பட்டது.

காலப்போக்கில் இவ்வுரிமை வணிகருக்குக் குத்தகையாக விடப்பட்டது. அவர்கள் நடத்திய மீன்பிடி நிலையங்களில் அயினு மக்கள் பண்டமாற்றுச் செய்வோர் என்ற நிலையினின்று தாழ்ந்து கூலியாட்களாயினர். 1669இல் ஷாக்குஷாயின் தலைமையிலும், 1789இல் குனாஷிரி – மெனாஷிப் பகுதிகளிலும் எழுந்த கிளர்ச்சிகள் இவ்வொடுக்குமுறையின் எதிரொலிகளே. இந்நிலையங்களில் ஹெரிங் மீனை அவித்துப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய சக்கை, மேற்கு யப்பானின் பருத்தி வயல்களுக்கு உரமாகக் கப்பலேறியது. ஹொக்கைடோவின் உட்பகுதிகளிற் கலப்பை நுழையுமுன்னரே, அதன் வளமும் அயினு மக்களின் உழைப்பும் தென்பகுதிக் கமத்தொழிலைத் தாங்கத் தொடங்கிவிட்டன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

குடியேற்ற ஆணையகமும் அமெரிக்க ஆலோசகரும்

மெய்ஜி அரசு 1869இல் தீவுக்கு ஹொக்கைடோ எனப் பெயரிட்டு, கைதகுஷி எனப்பட்ட குடியேற்ற ஆணையகத்தை நிறுவியது. வடக்கே இரசியா முன்னேறி வந்தமையும், ஆட்சி மாற்றத்தாற் பிழைப்பிழந்த சாமுராய் வகுப்பினருக்கு வாழ்வளிக்கவேண்டியிருந்தமையும் இம்முயற்சிக்குத் தூண்டுகோல்களாயின. ஆணையகத்தை வழிநடத்திய குரோடா கியோதக்கா, புதுநிலங்களைப் பண்படுத்துவதில் அனுபவம் மிக்க அமெரிக்காவை நாடினார். அமெரிக்கக் கமத்தொழிற் திணைக்களத்தின் தலைவராயிருந்த ஹொரஸ் கப்ரன் 1871இல் வந்துசேர்ந்தார். குளிர்மிக்க இத்தீவுக்கு நெல் ஒவ்வாது. கோதுமையும் கால்நடையுமே ஏற்றவை. மக்களின் உணவுப் பழக்கமும் அதற்கேற்ப மாறவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1873இல் வந்த எட்வின் டன் கால்நடை வளர்ப்புக்கு வழிகாட்டினார். 1876இற் சப்போரோ கமத்தொழிற் கல்லூரி தொடங்கப்பட்டபோது, மசசூசெற்ஸ் கமத்தொழிற் கல்லூரியின் தலைவர் வில்லியம் கிளார்க் அழைக்கப்பட்டார். எட்டு மாதங்களளவே அவர் அங்கு பணியாற்றியபோதும், பின்னர் ஹொக்கைடோப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்நிறுவனத்தின் மரபு அவரிலிருந்தே தொடங்குகின்றது.

இயந்திரங்களும் கால்நடைகளும் புதுப்பயிர்களும் வந்தன. ஆனால் இவை யாவற்றுக்கும் முன்னதாக நிலம் அரசின் கைக்கு வரவேண்டியிருந்தது. 1872இன் காணி விதிகள் தீவின் நிலத்தை அரசு பங்கிட்டு விற்கக்கூடிய ஒன்றாக மாற்றின. 1877இன் விதிகள் அயினு மக்கள் குடியிருந்த நிலங்களையும் அரச நிலங்களுள் அடக்கின. 1876இல் நச்சம்பு கொண்டு மான் வேட்டையாடுதல் தடைசெய்யப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் ஆறுகளிற் சால்மன் பிடித்தலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைக்குள்ளாயிற்று. நிலத்தை எழுத்தில் உடைமையாக்கிக் கொள்ளாத மக்களின் நிலம், எழுத்தில் உரியவரற்ற நிலமாயிற்று.

கட்டமிட்ட நிலம்

1886இல் ஹொக்கைடோ நிருவாகம் மறுசீரமைக்கப்பட்டபின், குடியேற்றத்துக்குரிய நிலங்கள் முறையாக அளக்கப்பட்டன. ஏறக்குறைய 545 மீற்றர் பக்கங்கொண்ட சதுரங்களாக நிலம் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரமும் ஆறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு துண்டின் பரப்பு 5 சோ, அதாவது ஏறக்குறைய 5 ஹெக்டேயர். ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு என்பதே அடிப்படை. இன்று தொக்காச்சிச் சமவெளியிற் காணப்படும் நேர்கோட்டு வீதிகளும் காற்றுத்தடுப்பு மரவரிசைகளும் இவ்வளவையின் எச்சங்களாம். தொடக்கத் திட்டத்தில் குடும்பப் பண்ணையின் அளவு 5 ஹெக்டேயரே. 30 ஹெக்டேயர் அன்று.

இந்நிலங்களைத் திறந்தவர்கள் பலதிறத்தினர். தொண்டென்ஹெய் எனப்பட்ட கமக்காரப் படைவீரர்கள் 1875 முதல் குடியேற்றப்பட்டனர். 1899 அளவில் 37 ஊர்களில் 7,337 குடும்பங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. 1880களில் கபாத்தோ, சோராச்சி, குஷிரோ ஆகிய இடங்களிற் சிறைகள் நிறுவப்பட்டு, கைதிகள் காடழிக்கவும் வீதியமைக்கவும் ஏவப்பட்டனர். 1891இற் கிட்டாமி நோக்கி அமைக்கப்பட்ட வீதியில் மாத்திரம் 200க்கு மேற்பட்ட கைதிகள் மடிந்தனர்.

நிலப் பங்கீட்டின் இயல்பை அறிய இரு சட்டங்களை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். 1897இன் சட்டம், பயிர்ச்செய்கைக்கென முன்வருவோருக்கு 15 இலட்சம் சுபோ, அதாவது ஏறக்குறைய 500 ஹெக்டேயர் வரையான அரச நிலத்தை இலவசமாக அளிக்க இடமளித்தது. இரண்டாண்டுகளின் பின், 1899இல், 'முன்னைய பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம்' இயற்றப்பட்டது. கமத்தொழிலில் ஈடுபட விரும்பும் அயினுக் குடும்பத்துக்கு 15,000 சுபோ, அதாவது ஏறக்குறைய 5 ஹெக்டேயர் வரை அது வழங்கிற்று. 15 ஆண்டுகளுள் பண்படுத்தப்படாத நிலம் மீளவும் அரசுக்கே உரியதாகும். நூற்றுக்கு ஒன்று என்பது இவ்விரு சட்டங்களின் விகிதம். சாதாரணக் குடியேற்றவாசிக்கும் 5 ஹெக்டேயர்தானே எனச் சிலர் வாதிடலாம். ஆனால் குடியேற்றவாசி தனக்கில்லாத நிலத்தைப் பெற வந்தான். அயினு மகனோ தன் முன்னோர் வாழ்ந்த நிலத்தின் ஒரு துண்டைப் பெற்றான். அதுவும் நல்ல நிலங்கள் பெரும்பாலும் பங்கிடப்பட்ட பின்னரே.

நெல்லின் நுழைவு

அமெரிக்க ஆலோசகரின் கணிப்பை முதலிற் பொய்ப்பித்தவர் நக்கயாமா கியூசோ என்னும் கமக்காரர் ஆவார். சப்போரோவுக்குத் தெற்கே ஷிமமட்சு என்னுமிடத்தில் 1873இல் அவர் நெல் விளைவித்தார். குளிர்தாங்கும் 'அக்காகே' என்னும் வகையைத் தெரிந்து, வாய்க்கால் நீரை வெயிலிற் சூடேறவிட்டும், குளிர்ந்த இரவுகளிற் குளிப்பதற்குக் காய்ச்சிய வெந்நீரை வயலிற் கலந்தும் நாற்றுகளைக் காத்தார் என்பர். விளைந்த நெல்லை விதையாக ஏனையோருக்கும் பகிர்ந்தளித்தார். 1877 ஏப்ரலிற் கிளார்க் தம் மாணவரிடம் விடைபெற்றதும் இதே ஷிமமட்சுவிலேயே. அறிவியற் கல்வியும் கமக்காரரின் பட்டறிவும் ஓரிடத்தில் ஒன்றையொன்று கடந்து சென்றன எனலாம்.

சோறுண்டு பழகிய குடியேற்றவாசிகள் நெல்லைக் கைவிட விரும்பவில்லை. 1890களில் அரசும் தன் கொள்கையை மாற்றி நெற்செய்கைக்கு ஆதரவளித்தது. 1895இல் அக்காகேயிலிருந்து 'போசு' என்னும் கூரற்ற வகை தெரிந்தெடுக்கப்பட்டது. கூரின்மையால் விதைநெல் தடையின்றி வழுக்கி விழ, பல குழாய்கள் கொண்ட விதைக்கருவி 1905இல் உருவாயிற்று. நாற்று நடுதலின்றி நேரே விதைக்கும் இம்முறை, குறுகிய கோடைக்கும் ஆட்பற்றாக்குறைக்கும் ஏற்றதாய் அமைந்து நெற்செய்கையை வடக்கு நோக்கி விரித்தது. 1988இல் வெளியான 'கிராரா 397' முதலாய வகைகளின் பின், சுவையற்றது என இகழப்பட்ட ஹொக்கைடோ அரிசி மதிப்புப் பெற்றது. அண்மைக் காலத்தில் இத்தீவு நெல் உற்பத்தியில் முதலிடங்களுக்குப் போட்டியிடும் மாகாணங்களுள் ஒன்றாகியுள்ளது.

பெருநிலவுடைமையும் குத்தகைக் கமக்காரரும்

பெருநிலங்களைப் பெற்ற பிரபுக்களும் முதலாளிகளும் தாமே உழவில்லை. 1889இற் சஞ்ஜோ சனேத்தோமி, ஹச்சிசுகா முதலிய உயர்குடியினரின் கூட்டு, உரியூப் பகுதியிற் பெற்ற நிலம் ஏறக்குறைய 50,000 ஹெக்டேயர். அமெரிக்க முறையிலான மாபெரும் பண்ணையாக அதனை நடத்தும் எண்ணம் சில ஆண்டுகளிற் சிதைந்தது. நிலம் பிரிக்கப்பட்டுக் குத்தகைக் கமக்காரரிடம் விடப்பட்டது. உடைமை பெரிதாயிருந்தது, உழவோ சிறிதாகவே நின்றது. இம்முரண்பாட்டைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர் எழுத்தாளர் அரிஷிமா தக்கேயோ. சப்போரோ கமத்தொழிற் கல்லூரியின் மாணவரான அவர், தந்தைவழி வந்த கரிபுத்தோப் பண்ணையின் வாழ்வை 'காயினின் வழித்தோன்றல்' என்னும் தம் 1917ஆம் ஆண்டுப் படைப்புக்குக் களமாக்கினார். 1922இல் அந்நிலத்தைக் குத்தகையாளரின் பொதுவுடைமையாக விட்டுக்கொடுத்தார்.

கிழக்கே தொக்காச்சியின் வரலாறு இன்னுங் கடியது. யோதா பென்சோ தலைமையில் 1883இல் ஒபிஹிரோவிற் குடியேறிய பன்செய்ஷா குழுவினர், 15 ஆண்டுகளில் 10,000 ஹெக்டேயரைத் திருத்தத் திட்டமிட்டனர். வெட்டுக்கிளியும் உறைபனியும் அவர்களை வாட்டின. பத்தாண்டு கழிந்தும் திருந்தியது சில பத்து ஹெக்டேயரே. 1913இன் குளிர்ப்பேரழிவு தீவெங்கும் பஞ்சத்தை விளைத்தது. முதலாம் உலகப்போர் ஐரோப்பியச் சந்தையில் அவரை வகைகளின் விலையை உயர்த்தவே, ஆண்டுதோறும் அவரையே விதைத்தனர். போர் முடிய விலை சரிந்தது, நிலமும் சாரமிழந்தது. இவ்வனுபவமே கலப்புக் கமத்தொழிலுக்கு வழிகோலிற்று. 1923இல் டென்மார்க்கு, யேர்மனி ஆகிய நாடுகளின் கமக்காரக் குடும்பங்கள் முன்மாதிரிக்கென அழைக்கப்பட்டன. 1925இல் பாற்பண்ணையாளரின் விற்பனைக் கூட்டுறவு தோன்றிற்று. நிலத்துக்கு எருவும் குடும்பத்துக்கு நிலையான வருவாயும் தந்த பசு, குளிராண்டுகளுக்கு எதிரான காப்பாகக் கருதப்பட்டது.

பண்ணைகள் பெருத்தமை

இரண்டாம் உலகப்போரின் பின் நிகழ்ந்த நிலச்சீர்திருத்தம் குத்தகைக் கமக்காரரை உடைமையாளராக்கியது. போற்றத்தக்க இச்சீர்திருத்தத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. வறுமையாற் குத்தகைக்கு விடப்பட்டிருந்த அயினு மக்களின் நிலங்களும் பெருநிலக்கிழார் நிலங்களைப் போலவே கைப்பற்றப்பட்டன. விலக்களிக்குமாறு அவர்கள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. மஞ்சூரியாவிலிருந்தும் சகாலினிலிருந்தும் திரும்பியோர் புதிதாய்க் குடியேற்றப்பட்டனர். 1950களில் உலக வங்கியின் கடனுதவியுடன் ஷினோட்சுச் சதுப்பு நிலம் வடிக்கப்பட்டது. கொன்சென் மேட்டுநிலம் இயந்திரங்களாற் பாற்பண்ணைகளாக்கப்பட்டது. இஷிக்காரி ஆற்றின் வளைவுகள் வெட்டி நேராக்கப்பட, அதன் நீளம் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் குறைந்தது.

ஆயினும் 1960இல் ஹொக்கைடோவில் 2 இலட்சத்து 30 ஆயிரம் அளவிலான பண்ணைக் குடும்பங்கள் இருந்தன. சராசரிப் பண்ணை 5 ஹெக்டேயரை எட்டவில்லை. 2020இல் எஞ்சிய பண்ணைகள் ஏறக்குறைய 35,000. பண்ணைகள் பெருத்தமையின் மறைபொருள் இவ்விரு எண்களுக்கிடையே உள்ளது. இயந்திரம் வாங்கக் கடன்பட்டு மீளாதோரும், குளிராண்டில் நலிந்தோரும், நகரத் தொழில்களை நாடியோரும் விட்டுச்சென்ற காணிகளை அயலவர் வாங்கியும் வாரத்துக்கு எடுத்தும் சேர்த்தனர். தென்பகுதிகளில் கமக்காரர் நகரத் தொழிலொன்றை மேற்கொண்டவாறே சிறுவயலையும் பேணமுடிந்தது. அருகில் நகரில்லாத ஹொக்கைடோவில் நிலத்தை விடுவோர் ஊரையும் விட்டே போகவேண்டியதாயிற்று. ஆகவே அங்கு நிலம் கைமாறியது, பண்ணை பெருத்தது, மூடப்பட்ட பாடசாலைகள் எஞ்சின.

முடிபு

ஹொக்கைடோவின் உணவு உற்பத்தி வியத்தற்குரிய மனித முயற்சியின் பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பண்ணையை இயற்கையின் கொடையாகவோ, தொலைநோக்குத் திட்டத்தின் வெற்றியாகவோ கொள்வது, அதற்கு விலை கொடுத்தோரை வரலாற்றினின்றும் நீக்கிவிடும். 1899இன் சட்டம் 1997 வரை நடைமுறையில் இருந்தது. அதே 1997இல், நிபுத்தானி அணைக்கென அயினு மக்களின் காணிகள் பறிக்கப்பட்டமை தொடர்பான வழக்கில், அவர்கள் தொல்குடியினர் எனவும் காணிபறிப்பு சட்டத்துக்கு முரணானது எனவும் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணை அதற்குள் கட்டிமுடிந்திருந்தமையால் நிலம் மீளவில்லை. 2019இன் சட்டம் அயினு மக்களைத் தொல்குடியினரென ஏற்றுக்கொண்டது. ஆனால் நில உரிமையைப் பற்றி அது எதுவும் கூறவில்லை.

விளைச்சலை நிறுத்தளப்பது எளிது. அவ்விளைச்சலுக்கு இடம் விட்டுச் சென்றோரையும் கணக்கிற் சேர்ப்பதே வரலாற்றாசிரியனின் பணி. 'வெற்று நிலம்', 'அபிவிருத்தி' என்னும் சொற்களை ஆவணங்களிற் காணுந்தோறும், அந்நிலம் யாருக்கு வெற்றாயிருந்தது என்னும் வினாவை எழுப்புதற்கு ஹொக்கைடோவின் வரலாறு நம்மைப் பயிற்றுகின்றது.