முற்றத்தில் இறங்கிய இன்ஜின்: செங்கல்பட்டு வட்டாரத்தில் வீட்டுப் பட்டறையின் வரலாறு

கார் இன்ஜினைக் கழற்றித் தூக்கி வெளியே எடுப்பதைப் பட்டறைக்காரர்கள் ‘இன்ஜின் இறக்குவது’ என்பார்கள். இன்ஜினின் எடை, வண்டியைப் பொறுத்து ஏறக்குறைய 100 முதல் 250 கிலோ வரை இருக்கும். அதை இறக்க, மேலே பாரம் தாங்கும் பிடி வேண்டும். கைபலத்தைப் பல மடங்காக்கும் கருவி வேண்டும். கீழே வண்டியோ இன்ஜினோ நகர்வதற்குத் தரை வேண்டும். செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கரையோரத்திலும் இம்மூன்றுக்கும் மக்கள் கண்ட வழிகள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன.

சென்னையில் மோட்டார் தொழில் மவுண்ட் ரோட்டில் வேரூன்றியது. குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியில் ஓடும் காரை அங்கே உருவாக்கினார். வண்டி விற்ற பெரிய நிறுவனங்களே பழுதும் பார்த்தன. நகரத்தை விட்டுத் தெற்கே போனால் அந்த வசதி கிடையாது. தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று நீளும் திருச்சி நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால், அங்கேயே இருப்பதை வைத்துத்தான் சரி செய்தாக வேண்டும். இரும்படிக்கும் உலைக்களங்களுக்கும் மாட்டு வண்டிப் பட்டறைகளுக்கும் பக்கத்தில் மோட்டார் மெக்கானிக்குகள் கடை போட்டார்கள். பலருக்கு வீடும் பட்டறையும் ஒரே மனையில் இருந்தன.

இந்தச் சிறு பட்டறைகளுக்கு உயிர் கொடுத்த கருவி செயின் பிளாக். இதன் முதல் வடிவத்தை தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்தார். ஒரே அச்சில் சற்றே பெரியதும் சற்றே சிறியதுமாக இரண்டு சக்கரங்கள் ஒட்டியிருக்கும். முனையில்லாத ஒரே சங்கிலி இரண்டின் மீதும் ஓடி, கீழே பாரம் தொங்கும் கப்பியைச் சுற்றிவரும். பெரிய சக்கரத்தில் 10 பள்ளங்கள், சிறியதில் 9 பள்ளங்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் 10 கண்ணி மேலே ஏறும், 9 கண்ணி கீழே இறங்கும். மிஞ்சும் ஒரு கண்ணியில் பாதியளவுதான் பாரம் உயரும். ஆகவே 10 கண்ணி இழுத்தால் அரைக் கண்ணி உயரம். பலம் 20 மடங்கு. கணக்குப்படி 200 கிலோவைத் தூக்க 10 கிலோ இழுப்பு போதும். உராய்வில் பாதிக்கு மேல் வீணாவதால் உண்மையில் 20 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். அந்த உராய்வு இன்னொரு வகையில் உதவியது: சங்கிலியை விட்டுவிட்டாலும் பாரம் தானாக இறங்காது. பின்னாளில் வந்த பல்சக்கர செயின் பிளாக்கில் உராய்வு குறைவு. அதனால் பாரத்தைப் பிடித்து நிறுத்தத் தனி பிரேக் வைத்தார்கள். சங்கிலியை இழுக்கும்போது ‘டிக் டிக்’ என்று கேட்பது அந்த பிரேக்கின் கொக்கி பல்லில் விழும் ஒலிதான்.

செயின் பிளாக்கை மாட்ட முதலில் கிடைத்தது மரம். சாலையோரப் புளியமரத்திலும் வீட்டு வேப்பமரத்திலும் தடித்த கிளையாகப் பார்த்து, சாக்கு சுற்றி, அதன்மேல் சங்கிலி போட்டுக் கருவியைத் தொங்கவிட்டார்கள். மரமில்லாத இடத்தில் சவுக்குக் கட்டைகளால் முக்காலி கட்டினார்கள். சவுக்கு இந்த மண்ணின் மரமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜின்களுக்கு விறகு தேவைப்பட்டபோது சோழமண்டலக் கரை நெடுகிலும் தோப்புத் தோப்பாக நட்டு வளர்க்கப்பட்டது. நேராக வளர்வதாலும் கடல் மணலில் செழிப்பதாலும் கொட்டகைக்கும் சாரத்துக்கும் அதுவே வாடிக்கையான கட்டையாயிற்று. மூன்று கட்டைகளின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி நிறுத்தி, கால்கள் மேலும் விலகாதபடி கீழே கயிறு கட்டினால் முக்காலி தயார். மாமல்லபுரம் சிற்பக்கூடங்களில் கருங்கல்லைப் புரட்டவும் தூக்கவும் இதே முக்காலியும் செயின் பிளாக்கும் பயன்பட்டன. அங்கே 1957-இல் அரசு சிற்பப் பயிற்சிக் கூடம் தொடங்கப்பட்டபின் சிற்பத் தொழில் பெருகியது. கல் தூக்கும் முறைக்கும் இன்ஜின் தூக்கும் முறைக்கும் இந்தக் கரையில் வேறுபாடு மிகக் குறைவு.

நாடு விடுதலை பெற்றபின் வந்த, தொழில்களுக்கு அரசு உரிமம் கட்டாயமாயிருந்த ‘லைசென்ஸ் காலம்’ வீட்டுப் பட்டறைகளுக்குப் பொற்காலம். புதுக் காருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நிலையில், இருக்கும் காரைச் சாக விடாமல் காப்பதே வழி. சாலையில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று குடும்பத்து வண்டிகள். இவற்றில் ஸ்டாண்டர்டு இந்த வட்டாரத்துக்குச் சொந்தமானது. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் வட்டாரத்தில் ஆலை வைத்திருந்தது. அங்கிருந்து 1961 முதல் ஹெரால்டும், 1972 முதல் கெசல் காரும் வந்தன. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை; 1988-இல் உற்பத்தி நின்றது. ஹெரால்டின் பானட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே கூடாக முன்பக்கம் சாயும். இன்ஜின் முழுதும் திறந்து கிடக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே ஸ்பேனர் பிடிக்கலாம். வீட்டில் வேலை கற்றுக்கொள்ள அதைவிடத் தோதான வண்டி அன்று இல்லை.

அந்தக் கால இன்ஜின்கள் தேய்ந்துபோவது இயல்பு. சிலிண்டர் தேய்ந்து புகை கக்கத் தொடங்கினால் இன்ஜினை இறக்கி, லேத் பட்டறைக்கு அனுப்பி, துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அடுத்த தடவை 40 பங்கு என்று துளை பெரிதாகிக்கொண்டே போகும். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியதும் இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது: பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் பொருத்துவது. கனமான டீசல் இன்ஜினுக்கு முக்காலியும் கெட்டியாக இருக்க வேண்டியிருந்தது. சவுக்குக் கட்டை போய் ஜி.ஐ. பைப் வந்தது.

வேலையின் ஒழுங்கு எங்கும் ஒன்றுதான். தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, பேட்டரியைக் கழற்றி, பானட் கீல்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு பானட்டை எடுப்பார்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோட்டில் வைத்தால் இடைவெளி பிசகாது. பிறகு ரேடியேட்டர், சைலன்சர் பைப், ஒயர்கள், கடைசியாக மவுண்டிங் போல்ட்டுகள். கியர் பாக்ஸோடு சேர்த்து எடுப்பதானால் முன்பக்கம் உயர்ந்து வால் பக்கம் தாழும்படி சங்கிலியை மாட்ட வேண்டும். சங்கிலியை முன்னே பின்னே இரண்டு கண்ணி மாற்றி மாட்டி, இன்ஜினை நாலு விரற்கடை தூக்கிப் பார்ப்பார் மேஸ்திரி. சாய்வு சரியென்றால்தான் மேற்கொண்டு இழுப்பார்கள். இன்ஜின் தொங்கியதும் அதை யாரும் நகர்த்துவதில்லை. மரமோ முக்காலியோ இருந்த இடத்தில் நிற்கும். பையன்கள் சேர்ந்து காரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். இன்ஜின் நேர்கீழே மரச் சட்டத்தின் மேல் இறங்கும். ஆகவே பழைய வீட்டுப் பட்டறைக்குக் கூரையைவிட நீளமான முற்றமே முக்கியம். காரின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் தேவைப்பட்டது.

கரையோரத்தில் மணல் வேறு கட்டுப்பாட்டை விதித்தது. முக்காலிக் கால் மணலில் புதையாமல் இருக்க அடியில் பலகை போட்டார்கள். உப்புக் காற்றில் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போவதால், இன்ஜின் இறக்குவதற்கு முந்தைய நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பது வழக்கமானது. 1980-களில் கட்டுமரங்களுக்கும் படகுகளுக்கும் மோட்டார் வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின. கடலிலிருந்து திரும்பியதும் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து கரையேற்றுவது மீனவர் பழக்கம். அந்த மோட்டார்களைப் பிரித்துச் சீர்செய்யும் பட்டறைகள் கோவளம் முதல் கல்பாக்கம் வரை குப்பங்களை ஒட்டி உருவாயின.

பந்தயக் கார்களும் இந்தக் கதையில் உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் போட்டிகள் நடத்திய சோழவரம் பழைய விமானத் தளமும், 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளமும் 1997 வரை நீடித்த ஒன்றுபட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியவை. பந்தயத்துக்கு முன் இன்ஜினை இறக்கிப் பிரித்துச் சீர்செய்து ஏற்றுவது அங்கே வாடிக்கை.

1983-இல் வந்த மாருதி 800 இந்தத் தொழிலின் போக்கை மாற்றியது. 796 சி.சி. கொண்ட சிறிய இன்ஜின், கியர் பாக்ஸோடு சேர்ந்து குறுக்குவாட்டில் அமர்ந்திருந்தது. முன்சக்கர இயக்கம் கொண்ட இத்தகைய வண்டிகள் பலவற்றில் இன்ஜினைக் கீழ்வழியாக இறக்கி, வண்டியின் உடலைத் தூக்கி விலக்குவதே எளிது. கார் ஆலைகளிலும் அதே ஒழுங்குதான்: உடல் மேலே தொங்கி வர, இன்ஜின் கீழிருந்து ஏறிப் பொருந்தும். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையிலிருந்து 1999-இல் ஐகான் வெளிவந்தபோது செங்கல்பட்டு வட்டாரம் மீண்டும் கார் பிறக்கும் இடமாயிற்று. 2007-இல் பி.எம்.டபிள்யூ. ஆலையும் அருகில் வந்தது. புதிய இன்ஜின்கள் நெடுங்காலம் உழைத்தன. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்தது. தெருவோரப் பட்டறையில் இன்ஜின் இறக்கும் தேவை குறைந்தது.

எஞ்சியிருக்கும் வீட்டுப் பட்டறைகளில் இன்று காண்பது ஹைட்ராலிக் இன்ஜின் கிரேன். சக்கரம் வைத்த இதில், வண்டி நிற்க இன்ஜின் நகர்கிறது. நீண்ட முற்றம் தேவையில்லை. ஆனால் சிறு சக்கரங்கள் உருள வழவழப்பான சிமென்ட் தரை கட்டாயம். கிரேனின் கையை நீட்ட நீட்டத் தாங்கும் பாரம் குறையும். 2 டன் கிரேன், கை முழுதாக நீண்டிருக்கும்போது அரை டன் அளவுக்கே பொறுக்கும். சிலர் இரு தூண்களின் மேல் இரும்பு உத்தரமோ பழைய தண்டவாளத் துண்டோ போட்டு செயின் பிளாக் மாட்டுகிறார்கள். இது உறுதியான ஏற்பாடு. வீட்டுத் தளத்தில் ஊஞ்சலுக்கும் மின்விசிறிக்கும் வைத்த கொக்கிகளில் இன்ஜினைத் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவது. அவை அந்தப் பாரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. தொழிற்சாலைகள் சட்டம் 1948, தூக்கும் சங்கிலிகளையும் கருவிகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. சிறிய வீட்டுப் பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. தொங்கும் பாரத்தின் ஆபத்து அங்கும் அதேதான். பழைய மேஸ்திரிகள் தொங்கும் இன்ஜினுக்குக் கீழே யாரையும் கை நீட்ட விடாததற்குக் காரணம் அதுவே.

2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திய மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் இன்ஜின் தயாரிக்க 2025-இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தமாகியிருக்கிறது. மறுபக்கம் ஹெரால்டையும் அம்பாசிடரையும் போற்றி வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் இறக்கத் தெரிந்த கைகள் தேவைப்படுகின்றன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை ஏட்டுப் படிப்பில்லாமல் மேஸ்திரியின் பக்கத்தில் நின்று பழகியவை. சாய்வு பார்ப்பது, சங்கிலி மாட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற அவர்களுடைய அறிவைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் கேட்டு எழுதி, செய்துகாட்டும் பாடமாக வைத்துக்கொள்வது அவசியம். புதிய வண்டிகளின் பாடத்திட்டம் மட்டும் அதைக் கற்றுத் தராது.