ஈழத்து வண்ணத்துப்பூச்சி ஆய்வும் யாழ்ப்பாணக் குடாநாடும்

விளக்கில் வீழும் விட்டில் தமிழ்ப் புலவர்க்கு நெடுங்காலமாகக் கைகொடுத்துவந்த உவமையாகும். ஆயின், வீழ்ந்த விட்டில் எவ்வினத்தைச் சார்ந்தது, அதன் சிறகில் உள்ள கண்புள்ளிகள் எத்தனை, அதன் குடம்பி எந்த இலையைத் தின்று வளர்ந்தது என்னும் வினாக்களை அவ்வுவமை எழுப்பியதில்லை. இவ்வினாக்களை எழுப்பி, விடைகளைக் குறித்துவைத்து, அதனையே ஓய்வுநேர இன்பமாகக் கொள்ளும் பழக்கம் ஈழத்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, பெரும்பாலும் ஆங்கில உத்தியோகத்தர் வாயிலாகவே வேரூன்றியது. குடாநாட்டுக்கும் அப்பழக்கத்துக்கும் இருந்த தொடர்பு ஆராயத்தக்கது.

1846 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த எட்கார் லியோபோல்ட் லேயார்ட், இராணுவ வைத்தியராகவிருந்த ரொபேட் தெம்பிள்டனோடு சேர்ந்து இந்நாட்டு உயிரினங்களை ஆராய்ந்தார். பின்னர்க் குடியியற் சேவையிற் சேர்ந்து பருத்தித்துறையிலும் பணிபுரிந்தார். பறவைகளே அவருக்கு முதன்மையானவை. எனினும் பூச்சிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் இந்நாட்டில் வாழ்ந்த அதே காலப்பகுதியிலேதான் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயை மையமாகக் கொண்டு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முனைந்தார். உடற்கூற்றியலும் இரசாயனமும் அவ்வாறு தமிழுக்கு வந்தன. வேலியோரத்துப் பூச்சிகளைப் பற்றிய அறிவோ ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது. நோய் தீர்க்கும் நூலுக்கு இருந்த அவசரம் பூச்சி நூலுக்கு இருக்கவில்லை என்று இதற்குச் சமாதானம் கூறலாம். ஆனாலும் அத்துறையிற் தமிழுக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று.

இத்துறையின் பெருநூல் பிரெடெரிக் மூர் இயற்றியதாகும். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துக்களையும் பற்றிய அந்நூல் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. 200 க்கு மேற்பட்ட வண்ணப்படத் தட்டுகள் அதனை அணிசெய்கின்றன. அப்படங்களுக்கு மூலமாயமைந்த ஓவியங்களை வரைந்தவர்கள் இந்நாட்டவர் என்பது பலர் அறியாதது. பேராதனைப் பூங்காவிற் பல தசாப்தங்கள் ஓவியராகவிருந்த ஹர்மானிஸ் த அல்விஸ் செனவிரத்னவின் புதல்வர்களான வில்லியமும் ஜோர்ஜும், பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்சின் மேற்பார்வையில், குடம்பியையும் கூட்டுப்புழுவையும் அவை வாழும் செடியோடு சேர்த்தே உயிருள்ளவற்றைப் பார்த்து வரைந்தனர். இறந்த சிறகை ஊசியிற் குத்திப் பெட்டியில் அடுக்குவது எவர்க்கும் இயல்வதே. எந்தப் புழு எந்தச் சிறகாக மாறுகின்றது என்பதைக் காண்பதற்கோ நாட்கணக்காக வளர்த்துக் காத்திருத்தல் வேண்டும். ஆதலால் அந்நூலின் பெருமையிற் பாதியேனும் அச்சகோதரர்க்கு உரியது எனின் மிகையாகாது. நூலின் முகப்பில் நிற்பதோ மூரின் பெயர் மட்டுமே.

பெரிய அந்துக்களுக்கெனத் தனிநூல் 1893 இல் வந்தது. நீலகிரியிலே தேயிலைத் தோட்டம் செய்து, பின்னர் பூச்சியியலறிஞராகப் புகழ்பெற்ற ஜோர்ஜ் ஹம்சன் அதனை எழுதினார். 1924 இல் ஓமிஸ்ரனின் வண்ணத்துப்பூச்சி நூலும், 1942 இல் வூட்ஹவுஸ், ஹென்றி ஆகிய இருவரின் நூலும் வெளிவந்தன. வூட்ஹவுஸ் நில அளவைத் திணைக்களத்தின் தலைவராகவிருந்தவர். ஹென்றி கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தவர். காணியளக்கச் சென்ற இடமெல்லாம் பூச்சியையும் அளந்த உத்தியோகத்தர் ஒருவர் வாய்த்தமை இத்துறையின் நற்பேறே.

அந்துக்களை இனங்காண்பது வண்ணத்துப்பூச்சிகளை இனங்காண்பதிலும் கடினமானது. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியிற் தடித்திருக்கும். அந்துவினது இழைபோலவோ இறகுபோலவோ அமைந்திருக்கும். சிறிய அந்துக்களை உருப்பெருக்கியின்றி வேறுபடுத்துதல் அரிது. பெரியனவோ தாமே தம்மை அறிவித்துவிடும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் பேரந்துக்கு 1882 இல் மூர் இட்ட இனப்பெயர், இலங்கையைக் கிரேக்கர் அழைத்த தப்ரபேன் என்ற பெயரினின்று பிறந்தது. அதன் சிறகுகளிலே கண்ணாடிபோன்ற முக்கோணத் திட்டுகள் உண்டு. முதிர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயில்லை. குடம்பிப் பருவத்திற் சேர்த்த கொழுப்பைக் கொண்டே சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகின்றது. முதுகில் மண்டையோடு போன்ற அடையாளந் தாங்கிய அந்துவோ தேன்கூட்டிற் புகுந்து தேனைத் திருடும், பிடித்தாற் கீச்சிடும். அதன் குடம்பி எள்ளுச் செடியையும் தின்னும்.

குடாநாட்டு உழவர்க்குப் புகையிலையிலும் எள்ளிலும் கண்ட புழு பகையாகும். அது பின்னர் எந்தச் சிறகாயிற்று என்பது அவர்க்கு வேண்டாத செய்தி. சேகரிப்பாளர்க்கோ சிறகே பொருள். இவ்விரு அறிவுகளும் ஒன்றையொன்று சந்திக்கக்கூடிய இடம் கோயில் நந்தவனம் எனலாம். பூசைக்கென நாட்டிய அலரியிலும் நந்தியாவட்டையிலும் பச்சைச் சிறகுடைய அலரி அந்துவின் குடம்பி வளரும். அக்குடம்பியை அச்சுறுத்தினால் முன்னுடலிலுள்ள நீலக் கண்புள்ளிகளை விரித்துக் காட்டும். வில்வத்திலும் வீட்டுத் தேசி மரத்திலும் கறுப்பும் மஞ்சளும் கலந்த தேசி வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பிள்ளையார்க்கு உகந்த எருக்கில் செம்மஞ்சள் நிறப் புலி வண்ணத்துப்பூச்சி வளரும். கறிவேப்பிலையில் வளரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பெண்கள் மூன்று உருவங்களிற் தோன்றும். அவற்றுள் இரண்டு, பறவைகள் உண்ண விரும்பாத வேறு இரு இனங்களைப் போன்று வேடமிட்டவை. இம்மூன்றும் ஒரே இனத்தின் பெண்களே என்பதை வொலஸ் 1865 இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அவ்வேடத்தை ஆளும் மரபணு எது என்பது 2014 இலேயே வெளிப்பட்டது. அறிஞர்க்கு இத்துணைக் காலம் வேலை கொடுத்த பூச்சி யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளிற் பறந்துகொண்டிருப்பதாகும்.

வெள்ளைத் துணியை விரித்து, ஒளி பாய்ச்சி, நள்ளிரவு கடந்தும் காத்திருப்பதே அந்து காண்போரின் முறை. 1983 இற்குப் பிந்திய போர்க்காலத்தில் அதற்கு இங்கு வழியிருக்கவில்லை. 1990களில் மின்சாரமின்றிப் போத்தல் விளக்கிற் படித்த ஒரு தலைமுறையின் ஏடுகளின்மேல் விட்டில்கள் வீழ்ந்தன. அவற்றை எண்ணிக் குறிப்பதற்கான மனநிலை யாருக்கிருந்திருக்கும்? 2009 இல் போர் முடிந்தபின்னர் வந்தோர் கையிலிருந்தது வலையன்று, கமராவாகும். கொன்று சேர்க்கும் பழைய முறை இன்று சட்டத்துக்கும் மாறானது. யால தேசிய பூங்காவிற் பூச்சிகளைத் திரட்டிய வெளிநாட்டவர் இருவர் பிடிபட்டனர். அவர்களிடமிருந்தவற்றுள் வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் 92 இனங்கள். 2024 இல் நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதித்தது.

படம் பிடித்தவுடன் எழுவது பெயர் பற்றிய வினாவாகும். ஆங்கிலப் பெயர்களோ அரசர், இளவரசர், படைத்தலைவர் என்று அந்நியர் தம் சமூகத்தினின்றே எடுத்தவை. அலரி, எருக்கு, வில்வம் எனப் புழு தின்னும் செடியைக் கொண்டு பெயரிடின் உழவரும் பூசகரும் மாணவரும் ஒருங்கே விளங்கிக்கொள்வர். அவ்வாறு பெயரிடுவதற்கு எந்தப் புழு எந்தச் செடியில் வளர்கின்றது என்பதைக் குடாநாட்டில் ஊர் ஊராகப் பார்த்து எழுதவேண்டியுள்ளது; த அல்விஸ் சகோதரர் பேராதனையிற் செய்தது அதுவே.