சுவரில்லாத வீடு

ராஜாக்களின் பட்டாபிஷேகத்துக்குத்தான் சரித்திரம் உண்டு என்பதில்லை. ஒரு பெட்டிக்குள் நடந்த குடும்பச் சண்டைக்கும் சரித்திரம் உண்டு. ஆப்பிள் கம்பெனியாரின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன்.

1990-களில் அந்த யந்திரத்தை இயக்கினால், திரையின் அடியில் சின்னஞ்சிறு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஓர் எக்ஸ்டென்ஷன். யந்திரம் விழிக்கும்போதே தானும் விழித்து, அதற்குப் புதிதாக ஒரு திறமையைக் கொடுக்கும் துணை நிரல். ஒன்று திரையில் படம் ஓடச் செய்யும். இன்னொன்று அடுத்த அறை யந்திரத்தின் கோப்புகளைக் கொண்டுவந்து காட்டும்.

நல்ல உறவினர்கள்தாம். ஆனால் வீட்டில் சுவர் கிடையாது. 1984-ல் பிறந்தபோது அந்த யந்திரத்தின் நினைவகம் 128 கிலோபைட். ஒரு சமயத்தில் ஒரு காரியம் செய்யவே அதை அமைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் வீட்டு வழக்கத்தைத் தம் இஷ்டப்படி மாற்றினார்கள்; அடுத்தவர் அந்த மாற்றத்தையும் மாற்றினார். ஒருவர் தடுக்கி விழுந்தால் வீடே விழுந்தது. திரையில் வெடிகுண்டுப் படம் தோன்றும். சேமித்து வைக்காத எழுத்தெல்லாம் போயிற்று!

1991-ல் வந்த சிஸ்டம் 7, இவர்களுக்கென்று தனி உறை ஒதுக்கியது. அதற்குள் ஆங்கில அகர வரிசைப்படி பிரவேசம். முந்தி வர வேண்டியவரின் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடுவார்கள். பெயரை மாற்றினால் அதிர்ஷ்டம் வரும் என்ற நம்பிக்கை அங்கே மட்டும் மெய்யாகவே பலித்தது!

குற்றவாளியைப் பிடிக்க வழி இருந்தது. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு இயக்கினால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். அப்போது சண்டை இல்லையென்றால், அடுத்த முறை பாதிப் பேரை மட்டும் அழைக்க வேண்டும். சண்டை வந்தால் ஆள் இவர்களுக்குள். வராவிட்டால் வெளியே நிற்பவர்களுக்குள். இப்படியே பாதி பாதியாகக் கழித்தால் 32 பேரில் ஒருவர் ஐந்தே விசாரணையில் அகப்படுவார். இரண்டு பேர் சேர்ந்தால்தான் சண்டை என்றால் பாடு அதிகம். தனித்தனியே விசாரித்தால் இருவருமே நல்லவர்கள்!

1994-ல் சிஸ்டம் 7.5-உடன் எக்ஸ்டென்ஷன்ஸ் மேனேஜர் வந்தது. வேண்டியவரை அழைத்து வேண்டாதவரை நிறுத்த ஒரு பட்டியல் கிடைத்தது. கன்ஃபிளிக்ட் கேட்சர் என்ற நிரல் அந்த விசாரணையையே முன்நின்று நடத்திக் கொடுத்தது.

2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்து அறைக்கு அறை சுவர் எழுப்பிவிட்டது. 2002-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் சவப்பெட்டி வைத்துப் பழைய முறைக்கு அந்திமக் கிரியையே நடத்தினார்.

வெடிகுண்டுகள் ஓய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பொறியியல் படிக்காத ஒரு சாதாரண மனிதர், பொறுமை ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு, தம் யந்திரத்தின் கோளாறைத் தாமே விசாரித்துத் தீர்த்த காலம் அது. சுவர் எழும்பியது, சண்டை நின்றது. வீட்டுக்காரர் மட்டும் தம் வீட்டிலேயே குடித்தனக்காரர் ஆகிவிட்டார்.