ஒரு புரதம், இரு பெயர்கள்

1959ஆம் ஆண்டு, சுவீடனைச் சேர்ந்த யான் ஹிர்ஷ்ஃபெல்ட் மனித இரத்தச் சீரத்தின் புரதங்களை மின்புலத்தில் பிரித்து ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று ஆளுக்கு ஆள் வேறுபட்டது. அதன் பணி என்னவென்று அன்று எவரும் அறியார். ஆகவே, மனிதரைக் குழுக்களாக வேறுபடுத்தும் கூறு என்ற பொருளில் ‘குரூப் ஸ்பெசிஃபிக் காம்பொனென்ட்’ எனவும், சுருக்கமாக ‘ஜிசி’ எனவும் பெயர் பெற்றது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குத் தெளிவாகக் கடத்தப்பட்டமையால், தந்தைமை வழக்குகளிலும் குருதிக்கறை ஆய்விலும் அது சான்றாகப் பயன்பட்டது.

இரத்தத்தில் வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதம் எது என்ற தேடலோ வேறொரு துறையில் நடந்துகொண்டிருந்தது. 1975இல் டைகர், ஷான்ஃபீல்ட், கவாலி-ஸ்ஃபோர்சா ஆகிய மூவரும் கதிரியக்கக் குறியிட்ட வைட்டமின் டி-யைக் கொண்டு, அந்தப் புரதமும் ஜிசியும் ஒன்றே என நிறுவினர். அதன்பின் பணியைச் சுட்டும் ‘வைட்டமின் டி பிணைப்புப் புரதம்’ என்ற பெயர் மருத்துவத்தில் வேரூன்றியது. பழைய பெயர் மரபணுவின் குறியீடாக எஞ்சியது.

1985இல் அமினோ அமில வரிசை வெளியானபோது அதன் குலமும் தெரிந்தது. சீரத்தில் மிகுதியாக உள்ள அல்புமினும், கருவில் மிகுந்திருக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதமும் அதன் உறவினர். இவற்றின் மரபணுக்கள் நான்காம் குரோமோசோமில் அருகருகே அமைந்துள்ளன. மூதாதை மரபணு ஒன்று இரட்டித்து, பின் பிரிந்து வளர்ந்ததன் தடயம் இது. அல்புமின் மரபணுவில் 15 எக்ஸான்கள், ஜிசியில் 13. அல்புமினின் 12, 13ஆம் எக்ஸான்களுக்கு இணையானவை ஜிசியில் இல்லை. எனவே புரதத்தின் மூன்றாம் பகுதி குறுகியுள்ளது. ஜிசியின் முதன்மை வடிவங்களான 1எஃப், 1எஸ், 2 ஆகியவற்றைப் பிரிப்பவை 416, 420 ஆகிய இரு இடங்களிலுள்ள அமினோ அமிலங்களே.

இச்சிறு வேறுபாடு பின்னாளில் பெரும் விவாதத்துக்கு வித்திட்டது. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் வைட்டமின் டி குறைவு எனினும், அதைப் பிணைக்கும் புரதமும் குறைவு. ஆதலால் உடலுக்குப் பயன்படும் அளவு வெள்ளையருக்கு நிகரே என 2013இல் ஓர் ஆய்வு கூறியது. ஆனால் புரதத்தை அளக்க அதில் பயன்பட்ட ஒற்றை வகை எதிர்ப்பொருள், ஆப்பிரிக்க வழியினரிடம் மிகுதியாகக் காணப்படும் 1எஃப் வடிவத்தைக் குறைத்தே காட்டியது. நிறை நிறமாலை முறையில் அளந்தபோது, புரத அளவில் சொல்லப்பட்ட அந்தப் பெரிய இன வேறுபாடு மறைந்தது. கருவியின் சாய்வு மனிதரின் இயல்பாகப் பதிவாகியிருந்தது.

இப்புரதம் எல்லோரிடமும் ஒரே வடிவில் இல்லை என்பதே 1959இன் கண்டுபிடிப்பு. பணியால் அமைந்த பெயர் அந்த உண்மையைப் பின்னுக்குத் தள்ளியது. முதற்பெயரின் பொருளை மறவாத ஆய்வுமுறை, எதிர்ப்பொருள் எல்லா வடிவங்களையும் சமமாக அறிகிறதா என்றே முதலில் வினவியிருக்கும்.